எந்தத் திசைக் குளிர்

கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு வெள்ளவத்தை குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். இங்கே குளிர் என்று ஒன்று வருவதில்லை. மார்கழி விடியற்காலையில் வெப்பமானி 22, 23 பாகை வரை இறங்கும். காலி வீதியில் பஸ்கள் நிறையத் தொடங்கியதும் அந்தக் கொஞ்சமும் கலைந்துவிடும். பேச்சில் இருப்பது வேறு குளிர். மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே ஓர் அம்மா, "ரொறன்ரோவில தம்பியாக்களுக்கு நேற்று மைனஸ் பன்னிரண்டாம்" என்கிறார். பக்கத்தில் நிற்பவர் விட்டுக்கொடுப்பதாயில்லை. "எட்மன்டனில எங்கட பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு குளிரே இல்லை." இருவரும் வியர்த்த கழுத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறார்கள். என் கைபேசியின் வானிலைப் பக்கத்திலும் ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன: கொழும்பு, ரொறன்ரோ, பரிஸ், ஒஸ்லோ. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்தப் பட்டியலில் ஏதோ சரியில்லை என்று கொஞ்சக் காலமாகவே மனதில் உறுத்துகிறது. அதில் இருக்கும் எண்களை நான் சந்தேகிக்கவில்லை. இல்லாத ஊர்கள்தான் தொந்தரவு செய்கின்றன என்பது பிறகுதான் புரிந்தது. ஆனால் அதற்கு வருமுன் இந்த ஊர் எப்படிக் குளிருக்காகக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும்.

ஏனென்றால் இங்கே குளிருக்கு ஆயத்தம் செய்வது ஒரு வாழ்க்கைமுறை. கடலோரத்து ஒழுங்கைகளில் எந்த மாடிவீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஒரு தடித்த ஜக்கெட் தொங்கும். விசா வந்தால் போட, அல்லது வந்து போனவர் விட்டுப்போனது. நப்தலின் உருண்டையின் மணமும் பூஞ்சண மணமும் சேர்ந்து அதற்கு ஒரு தனி நாற்றம். தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து வரும் உப்புக்காற்று அதன் சிப்பைத் துருவேற்றும். ஆசையாக வாங்கிவைத்த பனிச்சப்பாத்தின் குதி, ஒருநாள்கூடப் பனியில் ஊன்றாமலே, ஈரப்பதத்தால் மாவாக உதிரும். மைனஸ் முப்பதைத் தாங்கவென்று செய்த பொருளை வெள்ளவத்தைக் காற்று இரண்டு மழைக்காலத்தில் தின்றுவிடுகிறது. புறக்கோட்டை நடைபாதையில் ஏற்றுமதியில் கழித்துவிட்ட குளிர் உடுப்புகள் குவியலாகக் கிடக்கும். அவற்றில் பல, 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்திலும் அதைப்போன்ற இடங்களிலும் தைக்கப்படுபவை. முதுகில் வியர்வை ஓட ஓட, தாங்கள் ஒருநாளும் காணாத மாரிக்காகப் பஞ்சடைத்துத் தைக்கிற பெண்களை நினைத்தால், உலகத்துக் குளிரில் ஒரு பங்கு நம் தீவிலேயே உற்பத்தியாகிறது என்று தோன்றும். வாங்குபவர் கண்ணாடி முன்னால் அதைப் போட்டுப் பார்ப்பார். மின்விசிறி ஐந்தில் சுழலும். அரை நிமிடத்தில் முகம் சிவந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று கழற்றிவிடுவார்.

தொண்ணூறுகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் நெருக்கமாக இருந்தது. கொட்டாஞ்சேனையிலும் ஆட்டுப்பட்டித் தெருவிலும் வெள்ளவத்தையிலும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களால் லொட்ஜ்கள் நிரம்பி வழிந்தன. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் சட்டைப் பையில், இரவில் கதவு தட்டப்படுமா என்ற பயம், பகலில் ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்காகக் காது. புனித லூசியா பேராலயத்து மணியோசையில் நேரம் பார்த்துக்கொண்டு, பெடியள் பேசியதெல்லாம் குளிரைப் பற்றித்தான். எந்த நாட்டின் வழியாக அனுப்புவான், அங்கே இப்போது என்ன காலம், காதை மூடவேண்டுமா, உள்ளே எத்தனை உடுப்பு. அப்படி ஒரு அறையில், மொஸ்கோ வழியாகப் போகவிருந்த ஒருவன் கூல்பாரில் வாங்கிவந்த ஐஸ்கட்டியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். பழகுகிறானாம். தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சீமெந்துத் தரையில் சொட்டியது, மற்றவர்கள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. கொழும்புக்கு ஐஸ் ஒன்றும் புதிதல்ல. 1866இலேயே இங்கே கொழும்பு ஐஸ் கம்பனி தொடங்கிவிட்டது, அதன் வழியில் வந்ததுதான் இன்றைய எலிபன்ட் ஹவுஸ். சூடான நாட்டுக்காரருக்குக் குளிர் என்பது காசு கொடுத்து வாங்கும் பண்டம்: சோடாவுக்குள் போடுவது, மோதரையில் மீன்பெட்டிக்குள் கொட்டுவது. உள்ளங்கை அளவுக் குளிரைத்தான் நமக்குத் தெரியும். உடம்பு முழுவதையும் சூழ்ந்துகொண்டு, விலக ஓர் இடமும் தராத குளிரை அந்த ஐஸ்கட்டி சொல்லித்தந்திருக்க முடியாது.

குளிரை முன்கூட்டி உணர முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம். வெயிலை நினைத்தால் கண் கூசும். பசியை நினைத்தால் வயிறு அசையும். குளிரை நினைத்தால் உடம்பில் ஒன்றும் நடப்பதில்லை. வெறும் எண்தான் மனதில் நிற்கிறது. அந்த எண்ணும் சரியான வழிகாட்டியல்ல. உடுப்பில்லாத மனித உடம்பு சிரமமில்லாமல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் காற்று ஏறத்தாழ 28 பாகையிலேயே இருக்கிறது; அதாவது கொழும்பின் சாதாரண மாலை. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகையையும் துணியோ கூரையோ நெருப்போ சாப்பாடோதான் ஈடுகட்டுகிறது. உள்ளுடம்பின் சூடு 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிடும். வெளியே பனி இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைப் பிடுங்கும் என்பார்கள். இது தெரிந்த பிறகு, 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்து மீனவரால் மீட்கப்பட்ட 155 தமிழரை நினைத்தால், அது கோடைகாலம்தானே என்று என்னால் ஆறுதல்பட முடியவில்லை.

வெள்ளவத்தை உண்மையாகவே கலங்கிப்போன ஒரு பனிக்காலம் 2013 டிசம்பர். நத்தாருக்குச் சற்று முன் ரொறன்ரோவில் பெய்தது பனியல்ல, மழை. மேலே சற்றுச் சூடான காற்றடுக்கு, தரையோடு உறைகுளிர். மேலே நீராகி விழுந்த துளி கிளையிலும் கம்பியிலும் பட்ட கணத்தில் கண்ணாடியாக உறைந்தது. அந்தப் பாரத்தில் மரங்கள் முறிந்து கம்பிகளின்மேல் விழ, ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நகரின் ஸ்காபரோப் பகுதியில் பல வீடுகளுக்குப் பல நாள் வரவில்லை. மின்சாரத்தில் ஓடும் சூடேற்றியை நம்பி இருந்த சனங்கள் வீட்டுக்குள் கரியடுப்பை மூட்டினார்கள். ஒன்ராறியோவில் அந்தப் புகையால் இறந்தவர்களும் உண்டு. அதே கதை 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் இன்னும் பெரிதாக நடந்தது. வெப்பத்துக்கென்று கட்டிய வீடுகள், வெப்பத்துக்கென்று போட்ட குழாய்கள், உறைகுளிர் வந்ததும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரமில்லை; மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கில் 246 மரணங்கள். ரொறன்ரோ நகரசபை நெடுங்காலமாக மைனஸ் 15ஐ எட்டும்போதுதான் அதிகுளிர் எச்சரிக்கை விடுத்து வந்தது. டெக்சாஸின் பல ஊர்களில் அதை எட்டாமலே சனம் செத்தது. அந்த நாட்களில் இங்கே இருந்த அம்மாக்கள் இரவெல்லாம் அழைப்பு எடுத்து, "அடுப்பை உள்ளுக்கு வைக்காதை, மேனே" என்று பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரியான ஆலோசனை.

பிறகு 2022 டிசம்பர். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்து 9ஆம் திகதி இரவு மாமல்லபுரம் பக்கமாகக் கரையேறியது. அதற்கு முந்திய நாள் தொட்டே கொழும்பின் வானம் சாம்பலாகிக் கிடந்தது. வடக்கிலிருந்து இழுபட்டு வந்த காற்றோடு இந்தியப் பெருநிலத்தின் அழுக்கும் வந்திருந்தது. காற்றின் தரம் மோசம் என்று முகக்கவசம் போடச் சொன்னார்கள். 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வெள்ளவத்தையில் அதை யாரும் பெரிதாகக் கெட்டதாக எடுத்ததாகத் தெரியவில்லை. கடற்கரைப் பக்கம் மூடுபனிபோல் ஒன்று கட்டி நிற்க, மின்விசிறியை நிறுத்தினார்கள். அலுமாரியில் நாறிக்கொண்டிருந்த ஸ்வெற்றர்களுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. "லண்டன் மாதிரி இருக்கு" என்று படம் எடுத்து லண்டனுக்கே அனுப்பினார்கள். அதே நாட்களில், அதே காற்றில், வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் விழுந்துகொண்டிருந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை என்று பட்டி பட்டியாக. மாடும் எருமையும் ஆடுமாக ஆயிரத்துக்கும் மேல். முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் சந்தேகித்தார்கள், மாதிரிகள் எடுத்தார்கள், பிறகு கால்நடை அதிகாரிகள் சொன்ன காரணம் குளிர். நீர் எங்கும் உறையவில்லை, உறைவதற்குக் கிட்டக்கூடப் போகவில்லை. கொழும்பில் அந்தச் செய்தி எட்டியது வேறு வடிவத்தில்: செத்த மாடுகளின் இறைச்சி சந்தைக்கு வந்துவிடும் என்று அந்த மாகாணங்களிலிருந்து மாட்டிறைச்சி கொண்டுவருவதைத் தற்காலிகமாகத் தடுத்தார்கள். கொத்துரொட்டிக் கடைகளில் கோழியா மாடா என்று சனம் கவனமாகக் கேட்டது.

மாடு குளிரில் சாகுமா என்று அப்போது பலர் கேட்டார்கள். கனடாவில் பனிக்குள் நிற்கும் மாட்டின் படத்தை ஒருவர் எனக்குக் காட்டினார். அந்த மாட்டுக்குத் தடித்த குளிர்கால மயிர் உண்டு, அது உலர்ந்திருக்கும், வயிற்றில் வைக்கோல் இருக்கும். அப்படியானால் சைபரைத் தாண்டியும் அதற்குக் கவலை இல்லை. மயிர் நனைந்துவிட்டாலோ கதை மாறிவிடுகிறது. 15 பாகையளவிலேயே, காற்றும் வீசினால் அதற்கும் முன்னரே, மாடு தன் கொழுப்பை எரித்துத்தான் சூட்டைப் பிடிக்கவேண்டும். எரிக்கக் கொழுப்பு இருக்கவேண்டுமே. வன்னியிலும் கிழக்கிலும் மார்கழி என்பது வயலெல்லாம் பயிர் நிற்கும் காலபோகம். மாட்டை வயல் பக்கம் விடமுடியாது. காட்டோரத்துக்கோ குளத்தோரத்துக்கோ ஓட்டிவிடுவார்கள். மேய்ச்சல் தரை என்று இருந்ததெல்லாம் வருடா வருடம் சுருங்கி வருவது மட்டக்களப்பு மயிலத்தமடுப் பண்ணையாளரின் போராட்டத்தால் ஊரறிந்த விஷயம். ஆகவே பட்டி என்பது பெரும்பாலும் நாலு கம்பு, முட்கம்பி, மேலே வானம். எலும்பு தெரியும் மாடு, இரவு முழுக்க மழை, நிற்காத வாடைக்காற்று, கால்மடக்கிப் படுத்தால் சேறு. இந்த நாலும் ஒன்று சேர்ந்த இரவில் வெப்பமானி என்ன சொன்னாலும் மாட்டுக்கு அது உறைபனிதான். கன்றுகள் முதலில் போயின என்பதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

இதை நம்மிடம் யாரும் முன்னமே சொல்லவில்லை என்றும் சொல்லமுடியாது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை தொடங்குவதே இப்படி ஒரு இரவில்தான். வெள்ளத்துக்கு அஞ்சி மந்தையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிப்போகும் கோவலர், கொள்ளியில் கை காய்ச்சியும் தீராத நடுக்கம், மேய மறந்த விலங்குகள், பால் குடிக்க வரும் கன்றை உதறும் பசு. அரசியின் படுக்கையறைக்கும் பாசறைக்கும் போகுமுன் பாட்டு பட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. நம் வகுப்பறைகளில் அந்த வரிகளை விரைவாகக் கடந்து, வேலில் கட்டிய வேப்பந்தழையை வைத்து இது அகமா புறமா என்ற வழக்குக்குப் போய்விடுவோம். பரீட்சையில் வருவது அதுதான். வாடை, மழை, திறந்த வெளி, நனைந்த மாடு என்று 2022இன் நிலவரம் முழுவதும் அங்கே இருக்கிறது. ஒரு வித்தியாசம்: அந்தக் கோவலருக்கு மேட்டுநிலம் இருந்தது.

இன்னொரு குளிரும் இந்த ஊருக்குள்ளேயே நடமாடுகிறது, அதையும் நாம் பட்டியலில் சேர்ப்பதில்லை. கொட்டாஞ்சேனைக் கடைகளில் மூட்டை தூக்கும் பெடியன்களும் வெள்ளவத்தை மாடிவீடுகளில் சமைத்துத் துடைக்கும் பெண்களும் பலர் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் வேலை செய்யும் இராகலைக்கார அக்கா, அந்த வீட்டு மகள் கனடா போக ஆயத்தமானபோது ஜக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க பக்கம் தை மாசம் விடியக்காலம் புல்லு மேல வெள்ளையா கெடக்கும்ங்க. கால வச்சா நொறுங்கும்." அந்த வீட்டில் உறைபனியை மிதித்த ஒரே ஆள் அவர்தான். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தை, மாசியில் வானிலை அவதான நிலையமும் நுவரெலியா மாவட்டத்தில் சில இடங்களில் அதிகாலையில் தரை உறைபனி விழலாம் என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கேட்டுக் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்துப் போகிறவர்கள் உண்டு, வெள்ளைப் புல்லில் நின்று படம் எடுக்க. முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். ஆளுயரத்தில் வெப்பமானி மூன்று நாலு பாகை காட்டும்போதே பள்ளத்துப் புல் உறைந்திருக்கும். லயத்துத் தகரக் கூரையும் அப்படித்தான் சூட்டை விட்டுவிடுகிறது. அதன்கீழ் படுத்திருப்பவருக்குப் படம் எடுக்க நேரமில்லை, விடியக்காலை வேலைக்கு ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகவேண்டும். வெயில் ஏறியதும் உறைந்த கொழுந்து கருகும். கருகினால் நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். குளிர் அங்கே சம்பளத்திலும் விழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக் காலத்தில் தமிழகத்துச் சமவெளியிலிருந்து மன்னார் வழியாக நடந்து மலையேறியவர்களுக்கு யாரும் குளிரைப் பற்றி முன்னறிவிப்புச் சொல்லவில்லை. கம்பளி கொடுத்தார்கள், அதன் விலையைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இப்படி எழுதும்போது அந்த மரக்கறிக் கடை அம்மாவுக்கு நான் அநியாயம் செய்கிறேனோ என்று இடையில் கை நிற்கிறது. பிள்ளை எங்கேயோ அங்கேதான் தாயின் வானிலை. அவர் ரொறன்ரோவைப் பார்க்காமல் முல்லைத்தீவைப் பார்க்கவேண்டும் என்று யார் சொல்வது? அதிலும் அவரைப்போன்ற பலர் இடம்பெயர்ந்த நாளில் பட்டியை அவிழ்த்துவிட்டு, மாடுகள் பின்னால் வர வர நடந்தவர்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு அவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். மறதி என்று அதை நான் எழுதத் துணியமாட்டேன். ஆனாலும் எண் என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது. இந்திய வானிலைத் திணைக்களம் குளிரலை என்று அறிவிக்கச் சமவெளியில் 10 பாகையைக் கேட்கிறது, கரையோர ஊர்களுக்கு 15 போதும் என்கிறது. அதோடு வழக்கத்தைவிட நாலரைப் பாகையாவது இறங்கியிருக்கவேண்டும். வழக்கம் என்ற சொல்லை ஒரு அரசாங்க அலுவலகமே வரைவிலக்கணத்துக்குள் சேர்த்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது வானத்தின் வழக்கத்தை மட்டும்தான் அளக்கிறது. கூரையின் வழக்கம், வயிற்றின் வழக்கம், நனைந்த முதுகின் வழக்கம் எந்த வரைவிலக்கணத்திலும் இல்லை. மைனஸ் பன்னிரண்டில் ஸ்காபரோ மகன் வாகனத்திலிருந்து வீட்டுக்கு ஓடும் அரை நிமிடமும், அந்த மார்கழி இரவில் விசுவமடுப் பக்கத்துக் கன்று ஒன்று விடியும்வரை நின்ற நேரமும் கைபேசியில் ஒன்றுக்கொன்று நேர்மாறாகத் தெரியும். மைனஸ் பன்னிரண்டுதான் பயங்கரம் என்று அது சொல்லும்.

அடுத்த வாடை வரத்தான் போகிறது. வங்காள விரிகுடா ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதற்கான ஆயத்தத்தில் இருக்கிறது. மாடுகளைக் காப்பாற்றப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். காற்று வரும் வடக்குப் பக்கத்தை மறைக்க ஒரு தறப்பாள், மேட்டில் ஒரு தகரக் கொட்டில், கன்றின் முதுகுக்கு ஒரு சாக்கு, பங்குனியில் வயலில் எரித்துவிடும் வைக்கோலில் ஒரு போர் மார்கழிக்கென்று மிச்சம். புயல் கிளம்பியதும் கடற்றொழிலாளருக்குச் சொல்வதுபோலப் பட்டிக்காரருக்கும் முதல்நாளே சொல்ல ஓர் அறிவிப்பு. ஸ்காபரோவிலும் பரிஸிலும் லண்டனிலும் இருக்கும் நம் ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச அனுப்பும் காசில் ஒரு பங்கு இதற்குப் போதும். இந்த வருடம் உங்கள் சங்கத்தின் கூட்டம் நடக்கும்போது, கோபுரத்துக்கு முன் கொட்டிலைப் பேசும்படி கேளுங்கள்.